திருப்பெரும்புதூர்க் கைபேசித் தொழில்: அரசின் தொழிற்கொள்கையும் உள்நாட்டு வேலைவாய்ப்பின் நிலைபேறும்

ஆய்வுச் சுருக்கம்

உற்பத்தித் தொழிலை வளர்த்து உள்நாட்டில் வேலைவாய்ப்பைப் பெருக்குவதற்காக அரசு மேற்கொள்ளும் வரி நடவடிக்கைகளும் ஊக்கத்தொகைத் திட்டங்களும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் திருப்பெரும்புதூர் வட்டாரத்துக் கைபேசித் தொழிலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 2006இல் தொடங்கி 2014இல் முடங்கி, 2019க்குப் பின்னர் முன்னைவிடப் பெரிய அளவில் மீண்டெழுந்த தொழில் இது. ஒரே வட்டாரத்தில் ஒரே தொழில் எழுந்தும் வீழ்ந்தும் மீண்டும் எழுந்தும் இருப்பதால், கொள்கை மாற்றங்களின் விளைவை இங்கு ஓரளவு தெளிவாகக் காண இயலும். வரி வேறுபாடும் ஊக்கத்தொகையும் ஆலைகளை ஈர்க்கும் ஆற்றல் உடையவை. ஆனால் அவ்வேலைகள் நிலைத்து நிற்பது உதிரிபாக உற்பத்தியின் ஆழத்தையும் தொழிலாளரின் வாழ்நிலையையும் பொறுத்தே அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தொழிற்கொள்கை, கைபேசி உற்பத்தி, சுங்க வரி, ஊக்கத்தொகை, உதிரிபாகத் தொழில், பெண் தொழிலாளர், திருப்பெரும்புதூர்

முன்னுரை

2014 செப்டம்பர் 25ஆம் நாள் 'இந்தியாவில் தயாரிப்போம்' என்னும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. ஐந்து வாரங்கள் கழித்து, நவம்பர் 1ஆம் நாள், திருப்பெரும்புதூரில் இயங்கிவந்த நோக்கியா கைபேசி ஆலை தன் உற்பத்தியை நிறுத்தியது. உச்ச நிலையில் ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடி வேலை அளித்த ஆலை அது. இவ்விரு நிகழ்வுகளும் அடுத்தடுத்து நேர்ந்தது தற்செயலே. எனினும் அரசின் அறிவிப்புக்கும் ஆலையின் நடப்புக்கும் இடையில் உள்ள தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இரு நாள்களைத் தேடிக் காண்பது அரிது.

உற்பத்தித் துறையைப் பற்றிய அரசின் இலக்குகள் அதற்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தன. 2011ஆம் ஆண்டின் தேசிய உற்பத்திக் கொள்கை, 2022ஆம் ஆண்டுக்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் உற்பத்தித் துறையின் பங்கை 25 விழுக்காடாக உயர்த்தவும், 10 கோடி வேலைகளைக் கூடுதலாக உருவாக்கவும் குறிக்கோள் கொண்டது. அந்த ஆண்டு வந்து சென்றது. பங்கு ஏறத்தாழ 16, 17 விழுக்காட்டளவிலேயே நின்றது. இத்தகைய தேசியச் சராசரிகள் கொள்கை எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதைச் சொல்வதில்லை. அதற்கு ஒரு தொழிலையும் ஓர் ஊரையும் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஓர் ஆலையின் வரவும் முடக்கமும்

நோக்கியா நிறுவனத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும் 2005இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2006இன் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிற்று. நிலம், மின்சாரம், வரிச் சலுகை, சிறப்புப் பொருளாதார மண்டலத் தகுதி, துறைமுகமும் விமான நிலையமும் அருகில் இருத்தல் ஆகியவை ஆலையை ஈர்த்தன. ஆலையின் வளாகத்திலேயே மின்னேற்றி, உறை முதலிய பாகங்களைத் தயாரிக்கும் துணை நிறுவனங்களும் வந்து அமர்ந்தன. சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் பள்ளிக் கல்வி முடித்த இளம்பெண்கள் பேருந்துகளில் வேலைக்கு வந்தனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பெற்றவர்கள்.

முடக்கத்துக்குக் காரணங்கள் பல. திறன்பேசிச் சந்தையில் நோக்கியா பின்தங்கியது முதற்காரணம். அதற்கு எந்த அரசும் பொறுப்பாகாது. ஆனால் வரித் தகராறு அரசு சார்ந்தது. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அளித்த உரிமத் தொகையின் மீது ஏறத்தாழ 2,080 கோடி ரூபாய் கோரி வருமான வரித்துறை 2013இல் நடவடிக்கை எடுத்தது. 2014இல் மாநில வணிகவரித் துறை ஏறத்தாழ 2,400 கோடி ரூபாய் கோரியது. நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் கைக்கொண்டபோது, இந்தத் தகராறுகளால் திருப்பெரும்புதூர் ஆலை மட்டும் அக்கைமாற்றத்தில் சேரவில்லை. சில மாதங்கள் ஒப்பந்த அடிப்படையில் கைபேசிகளைச் செய்து கொடுத்துவிட்டு, அந்த ஒப்பந்தம் முடிந்த நாளில் ஆலை நின்றது. வருமான வரித் தகராறு 2018இல் இந்தியாவும் பின்லாந்தும் செய்துகொண்ட இணக்கத்தின் வழியே தீர்ந்தது. அதற்குள் தொழிலாளருள் பெரும்பாலோர் விருப்ப ஓய்வுத் தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வரி கேட்பது அரசின் உரிமை. ஆனால் தகராறு தீரும்வரை ஆலையைக் கைமாற்ற ஒரு வழிவகை இருந்திருக்குமானால் வேலைகளுள் ஒரு பகுதியாவது தப்பியிருக்கும் எனக் கருத இடமுண்டு.

நோக்கியா நின்றதும் அதனைச் சார்ந்திருந்த துணை ஆலைகளும் நின்றன. அங்கு இயங்கிய பாக்ஸ்கான் ஆலையும் 2014 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்திற்று. அவற்றுக்கு வேறு பெரிய வாடிக்கையாளர் அவ்வட்டாரத்தில் இல்லை.

இதே வட்டாரத்தின் கார்த் தொழிலோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடும் முடிவு 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு உற்பத்தி முற்றிலும் நின்றது. அங்கு வேலையிழந்தோரின் துயரம் சிறிதன்று. ஆயினும் சென்னையைச் சூழ்ந்த கார் உதிரிபாகத் தொழில் குலையவில்லை. ஹூண்டாய், ரெனோ நிசான், வணிக ஊர்திகளையும் இருசக்கர ஊர்திகளையும் செய்யும் நிறுவனங்கள், ஏற்றுமதிச் சந்தை எனப் பல வாடிக்கையாளர்களை அது கொண்டிருந்தது. இத்தகைய ஆழம் தானாக வந்துவிடவில்லை. டி.வி.எஸ். குழுமம் போன்றவற்றின் பல்லாண்டு உழைப்பு ஒருபுறம். 1997இல் மத்திய அரசு விதித்த நிபந்தனை மறுபுறம். கார்ப் பாகங்களை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும் நிறுவனம் மூன்றாம் ஆண்டில் 50 விழுக்காடும் ஐந்தாம் ஆண்டில் 70 விழுக்காடும் உள்நாட்டுப் பாகங்களைப் பயன்படுத்த உறுதியளிக்க வேண்டும் என்பது அந்நிபந்தனை. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. 2002க்குள் நிபந்தனை கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் நிறுவனங்கள் உள்ளூர்ப் பாகங்களை வாங்கும் ஏற்பாடுகளைச் செய்து முடித்திருந்தன. கைபேசித் தொழிலுக்கு இத்தகைய இடைவெளி ஒருபோதும் கிடைக்கவில்லை. நேரடியான உள்நாட்டுப் பாக நிபந்தனை என்னும் வழி அதற்கு முன்பே அடைபட்டுவிட்டது.

வரி வேறுபாடு என்னும் கருவி

நிபந்தனை விதிக்க இயலாதபோது அரசின் கையில் எஞ்சியது வரி. அதிலும் ஒரு தடை இருந்தது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்குச் சுங்க வரியை நீக்கும் உலக வர்த்தக அமைப்பின் உடன்பாட்டில் இந்தியா 1997இல் சேர்ந்தது. அதன் விளைவாக வெளிநாட்டில் முழுமையாகச் செய்யப்பட்ட கைபேசி அடிப்படைச் சுங்க வரி இன்றி உள்ளே வந்தது. இங்கே ஆலை வைத்துச் செய்வோர் மின்தடை, சரக்குப் போக்குவரத்துத் தாமதம், கூடுதல் வட்டி ஆகியவற்றைச் சுமந்துகொண்டு அதனுடன் போட்டியிட வேண்டியிருந்தது.

2015ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் இதற்கு ஒரு மாற்று கண்டது. இறக்குமதிக் கைபேசி மீதான ஈடுசெய் வரி 12.5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. உள்நாட்டில் செய்யும் கைபேசிக்கு, மூலப்பொருள் மீது செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளாதிருந்தால், 1 விழுக்காடு கலால் வரி போதும் என்றாயிற்று. 10,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு கைபேசியை எடுத்துக்கொள்வோம். இறக்குமதியானால் வரி 1,250 ரூபாய். உள்நாட்டில் செய்தால் 100 ரூபாய். இந்த 1,150 ரூபாய் வேறுபாடே பல நிறுவனங்களை இங்கே பொருத்துகூடங்களை அமைக்கச் செய்தது.

ஆனால் இக்கருவியிலேயே அதன் குறையும் இருந்தது. பாகங்கள் பெரும்பாலும் வரியின்றி இறக்குமதியாயின. உள்நாட்டில் பாகம் வாங்கினால் அதன் மீது செலுத்திய வரியைக் கழிக்க இயலாது. ஆகவே எல்லாப் பாகங்களையும் சீனாவிலிருந்து வரவழைத்து இங்கே திருகாணி முடுக்குவதே இலாபமாக இருந்தது. வேலை கிடைத்தது உண்மை. அது உற்பத்தியின் கடைசிக் கட்டத்து வேலை.

இதை உணர்ந்த அரசு, கட்டங்கட்டமான உற்பத்தித் திட்டத்தை வகுத்தது. 2016-17இல் மின்னேற்றி, மின்கலத் தொகுதி, காதொலிப்பான்; அடுத்த ஆண்டில் உறைப்பாகங்கள், ஒலிவாங்கி, இணைப்புக் கம்பி; 2018-19இல் பாகங்கள் பொருத்தப்பட்ட மின்சுற்றுப் பலகை, கேமராத் தொகுதி; அதன் பின் திரை என்று எளியவற்றிலிருந்து கடினமானவற்றை நோக்கி ஆண்டுக்கொரு படியாகப் பாகங்களின் மீது வரியை விரிப்பது அதன் முறை. சரக்கு சேவை வரி வந்து கலால் வரி மறைந்தபோது, முழுக் கைபேசி மீது 2017 ஜூலையில் 10 விழுக்காடு சுங்க வரி விதிக்கப்பட்டது. அது அவ்வாண்டு டிசம்பரில் 15, 2018 பிப்ரவரியில் 20 விழுக்காடாக உயர்ந்தது. 1997ஆம் ஆண்டு உடன்பாட்டில் திறன்பேசி அடங்காது என்பது இந்தியாவின் வாதம். ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், தைவான் தொடுத்த வழக்குகளில் 2023 ஏப்ரலில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராகவே அமைந்தது. மேல்முறையீட்டு அமைப்பு செயலிழந்து கிடப்பதால் தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை.

இக்காலத்தில்தான் திருப்பெரும்புதூர் மீண்டெழுந்தது. 2019இல் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்துதல் தொடங்கிற்று. ஐந்தாண்டுகள் பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையை மின்னேற்றி செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக அதே ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டது. முழுக் கைபேசி செய்த கட்டடத்தில் இனி மின்னேற்றி செய்வது பின்னடைவு போலத் தோன்றலாம். பாகத் தொழில் வேர்கொள்வதன் அறிகுறியாக அதைக் கொள்வதே பொருந்தும்.

விற்பனைக்கு ஊக்கத்தொகை

வரி உள்நாட்டுச் சந்தையைக் காக்கும்; ஏற்றுமதிக்கு அது உதவாது. பாகங்களின் மீதான வரி ஏற்றுமதியாளரின் செலவைக் கூட்டவும் செய்யும். இதற்கு விடையாக 2020 ஏப்ரலில் உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் ஏறத்தாழ 41,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வந்தது. 2019-20ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, அதற்கு மேற்பட்ட விற்பனையில் 4 முதல் 6 விழுக்காடு வரை ஐந்தாண்டுகளுக்கு அளிப்பது திட்டம். பன்னாட்டு நிறுவனங்களுக்கு 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள கைபேசிகளே தகுதியுடையவை.

விளைவு கண்கூடு. நாட்டின் கைபேசி உற்பத்தி மதிப்பு 2014-15இல் ஏறத்தாழ 18,000 கோடி ரூபாயாக இருந்தது, 2024-25இல் 5.45 லட்சம் கோடி ரூபாயாயிற்று. தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2020-21இல் 166 கோடி டாலர். 2024-25இல் 1,465 கோடி டாலர். நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் இது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். தென்கொரிய வளர்ச்சியை ஆராய்ந்த ஆலிஸ் ஆம்ஸ்டன், அங்கு மானியம் பெற்ற நிறுவனங்கள் செயல்திறன் காட்டக் கட்டாயப்படுத்தப்பட்டதே வெற்றிக்குக் காரணம் என்று நிறுவினார். செய்து காட்டிய பின்னரே பணம் என்னும் வகையில் இந்தியத் திட்டமும் அந்த மரபைச் சேர்ந்ததே. முதலீட்டுக்கு முன்கூட்டியே சலுகை அளித்த பழைய முறையைவிட இது மேலானது.

எனினும் எதனை அளந்து பணம் கொடுக்கப்படுகிறது என்பது முதன்மையானது. இத்திட்டம் விற்பனையை அளக்கிறது. இந்தியாவில் பொருத்தப்படும் கைபேசியில் உள்நாட்டு மதிப்புக் கூட்டல் 15 முதல் 20 விழுக்காடு வரை எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. 30,000 ரூபாய் விலையுள்ள கைபேசிக்கு 5 விழுக்காடு வீதம் ஊக்கத்தொகை 1,500 ரூபாய். உள்நாட்டில் சேரும் மதிப்போ 4,500 முதல் 6,000 ரூபாய் வரை. அதாவது நாட்டுக்குள் உண்மையில் உண்டாகும் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை அரசே தருகிறது. ரகுராம் ராஜன் உள்ளிட்ட பொருளியலாளர் 2023இல் எழுப்பிய ஐயம் இதைச் சார்ந்தது: பாக இறக்குமதியைக் கழித்தால் ஏற்றுமதிப் பெருக்கத்தில் எஞ்சுவது என்ன? தொடக்கத்தில் பொருத்துதலே வரும், ஆழம் பின்னர் வரும் என்பது அரசுத் தரப்பின் விடை. கார்த் தொழிலின் வரலாறு அவ்விடைக்கு ஓரளவு துணைநிற்கிறது. ஆனால் அங்கு ஆழம் காலத்தால் மட்டும் வரவில்லை, நிபந்தனையாலும் வந்தது என்பதை மறத்தலாகாது.

வேறொரு முரணும் உண்டு. நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு முன் அனுமதி வேண்டும் என 2020 ஏப்ரலில் மத்திய அரசு விதித்தது. பாதுகாப்புக் காரணங்கள் ஏற்கத்தக்கவையே. ஆனால் கைபேசிப் பாகங்களைச் செய்யத் தெரிந்த நிறுவனங்களில் மிகப் பல சீனாவில் உள்ளன. பொருத்துவோரை ஒரு கை அழைக்க, பாகம் செய்வோரை மறு கை தடுத்தது.

தொழிலாளரின் இருப்பிடம்

தொழிற்கொள்கை பற்றிய எழுத்துகளில் வரியும் மானியமும் பெறும் இடத்தைத் தொழிலாளர் எங்கே உறங்குகிறார் என்னும் வினா பெறுவதில்லை. திருப்பெரும்புதூரில் அவ்வினாவே ஓர் ஆலையை நிறுத்தியது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் நிலை பற்றிய செய்தி தெளிவாகக் கிடைக்காமையால் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். நெருக்கடியான அறைகள், போதாத கழிப்பறைகள் ஆகியவை வெளிச்சத்துக்கு வந்தன. ஆலை 2022 ஜனவரி 12 வரை மூடப்பட்டிருந்தது.

2019-20ஆம் ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வின்படி, நாட்டின் ஆலைகளில் பணியாற்றும் பெண்களுள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் உள்ளனர். வெளியூரிலிருந்து வரும் இளம்பெண்ணை வேலைக்கு அனுப்பலாமா என்று அவள் குடும்பம் எண்ணும்போது, ஊதியத்துக்கு இணையாக எடைபோடுவது விடுதியின் பாதுகாப்பை. இதை மாநில அரசு காலந்தாழ்ந்தேனும் உணர்ந்தது. வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைக் கட்டியது. 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. விடுதியைத் தொழில் உள்கட்டமைப்பாகக் கொள்ளும் இம்மாற்றம், எந்த ஊக்கத்தொகை வீதத்தையும்விட வேலைவாய்ப்புக்கு நெருக்கமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சாலையும் மின்பாதையும் அரசின் பொறுப்பென்று ஏற்றுக்கொள்ளப்பட்ட இடத்தில், படுக்கைக்கு மட்டும் ஒப்பந்தக்காரரை நம்பியிருக்கத் தேவையில்லை.

வேலையின் தன்மை இன்னும் தீராத வினா. திருமணமான பெண்கள் ஐபோன் பொருத்தும் பணிக்குத் தவிர்க்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியை ஒட்டி, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு, அதே வட்டாரத்தில் வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்களைச் செய்யும் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஊதியத்தோடு சங்கத்தைப் பதிவு செய்யும் உரிமையும் அங்குக் கோரிக்கையாக இருந்தது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதையும் இங்கு நினைவுகூரலாம். சில ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பும் வேலையா, திறன் சேர்ந்து உயரும் வேலையா என்பதை இத்தகைய வழக்குகளே தீர்மானித்துவருகின்றன. ஊக்கத்தொகைத் திட்டத்தின் விதிகள் இதில் மௌனம் காக்கின்றன.

பாகத்துக்கும் வேலைக்கும் பணம்

2025இன் திட்டங்களில் அளவுகோல் மாறியுள்ளது. மார்ச் மாதம் ஏற்கப்பட்ட மின்னணு உதிரிபாக உற்பத்தித் திட்டம் 22,919 கோடி ரூபாய் ஒதுக்கீடு கொண்டது. திரைத் தொகுதி, கேமராத் தொகுதி, பல அடுக்கு மின்சுற்றுப் பலகை, மின்கலம் முதலியவை அதன் இலக்கு. ஊக்கத்தொகையின் ஒரு பகுதி வேலைவாய்ப்பு இலக்கை எட்டுவதைப் பொறுத்தது என்பது புதிய கூறு. 91,600 நேரடி வேலைகள் எதிர்பார்க்கப்படுகின்றன. மத்திய அரசு தரும் தொகைக்கு இணையாகத் தானும் தருவதாகத் தமிழ்நாடு அரசு ஏப்ரல் இறுதியில் அறிவித்தது. ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்தில், கூடுதலாக வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்கு இரண்டாண்டுகளும், உற்பத்தித் துறையாயின் நான்காண்டுகளும் கிடைக்கும்.

இவற்றை மதிப்பிட மூன்று எண்களையேனும் அரசு ஆலைவாரியாக வெளியிட வேண்டும்: உள்நாட்டு மதிப்புக் கூட்டல், ஊதியப் பட்டியலில் நேரடித் தொழிலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உள்ள விகிதம், ஒரு தொழிலாளர் சராசரியாக எத்தனை ஆண்டு அவ்வேலையில் நீடிக்கிறார் என்பது. முதலாவது நிறுவனங்களின் வரிக் கணக்கிலும் மற்றவை வருங்கால வைப்பு நிதிப் பதிவேட்டிலும் பெரும்பாலும் முன்பே கிடக்கின்றன. புதிய ஆய்வெதுவும் வேண்டியதில்லை. இருக்கும் பதிவேடுகளை இணைத்தால் போதும். மின்சுற்றுப் பலகை செய்யும் ஆலைக்குப் பெருமளவு நீரும் கழிவு நீரைத் தூய்மை செய்யும் ஏற்பாடும் தேவை. ஏரிகள் நிறைந்த, ஆயினும் கோடையில் வறளும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அதற்கு இடம் ஒதுக்கும் பொறுப்பு சிப்காட்டுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உரியது. அந்த ஒதுக்கீடுகள் எந்த வேகத்தில், எந்த நிபந்தனையோடு அமைகின்றனவோ, அதைப் பொறுத்தே பாகத் தொழில் இவ்வட்டாரத்தில் ஊன்றுவதும் ஒசூருக்கோ ஆந்திர எல்லைக்கு அப்பாலோ நகர்வதும் அமையும்.